காணும்

எங்கள் வீட்டுப் பந்தியில், போதும் என்ற பொருளில் நாங்கள் சொல்லும் "காணும்" என்ற சொல்லை யாரும் ஒரு பதிலாக ஏற்றுக்கொண்டதில்லை. கோப்பைக்கு மேல் கையை விரித்து மறித்தாலும், விரல் இடுக்குகளுக்கிடையே இன்னும் ஓர் அகப்பை சோற்றை இட்ட பின்னர்தான் அம்மா அடுத்தவரிடம் நகர்வார். அந்தச் சொல்லைச் சொல்லவும், சொன்னதில் உறுதியாக நிற்கவும் நான் நாற்பத்தைந்து வயதில், அதுவும் ஒரு சத்திரசிகிச்சைக்குப் பிறகே கற்கத் தொடங்கினேன்.

பதினான்கு மாதங்களுக்கு முன்னர் என் நிறை 118 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர். ஒன்பது ஆண்டுகளாக நீரிழிவு இருந்தது. உறக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்ததால் இரவு முழுவதும் இயந்திரத்தோடு இணைந்த முகமூடியை அணிந்தே படுத்தேன். கொழும்பிலுள்ள ஒரு தனியார் வைத்தியசாலையில் ஸ்லீவ் எனப்படும் சத்திரசிகிச்சை செய்யப்பட்டது. வயிற்றில் ஐந்து சிறிய துளைகளை இட்டு, இரைப்பையின் முக்கால் பங்குக்கும் சற்று அதிகமான பகுதியை நீளவாக்கில் வெட்டியெடுத்து, எஞ்சியதை ஒரு வாழைப்பழ அளவுள்ள குழாயாக விட்டுவிடுவார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஓமோன் பெரும்பாலும் அந்த வெட்டியெடுக்கப்படும் பகுதியிலேயே சுரப்பதால், கொள்ளளவோடு பசியும் குறைகிறது. கொழுப்பேறிப் பெருத்த ஈரல் இரைப்பையை மறைத்துவிடும் என்பதால், அதைச் சுருக்குவதற்காக முன்னைய இரண்டு வாரங்களும் சோறில்லாத கட்டுப்பாட்டில் இருந்தேன். இவையெல்லாம் எனக்கு விளக்கமாகச் சொல்லப்பட்டிருந்தன.

கண் விழித்தபோது தையல்களைவிட இடது தோள்மூட்டே அதிகம் வலித்தது. மாரடைப்போ என்று அஞ்சிப்போனேன். வயிற்றை உப்பவைப்பதற்காகச் செலுத்திய காபனீரொட்சைட்டு வாயு உதரவிதானத்தை உறுத்தும்போது, அதன் நரம்பும் தோளின் நரம்பும் கழுத்தில் ஒரே இடத்திலிருந்து வருவதால் வலி தோளில் தெரியும் என்று தாதி ஒருவர் பொறுமையாக விளக்கி, அன்று மாலையே என்னைப் பிடித்து நடக்கவைத்தார். நடப்பது வாயுவுக்காக மட்டுமல்ல, கால்களில் இரத்தம் உறையாமல் இருப்பதற்காகவும்தான். காய்ச்சல் வந்தாலோ, வயிற்றுவலி கூடினாலோ, நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 120ஐத் தாண்டினாலோ தாமதிக்காமல் வரவேண்டும் என்றார்கள். தையலிட்ட இடம் கசியத் தொடங்கினால் பெரும்பாலும் நாடியே முதலில் வேகமெடுக்குமாம். இரண்டு வாரங்கள் வெள்ளவத்தையில் தங்கையின் வீட்டில் இருந்துவிட்டு, குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் என்று இடையிடையே வாகனத்தை நிறுத்தி இறங்கி நடந்து ஊர் வந்து சேர்ந்தேன்.

உண்பதைவிடக் குடிப்பதே அப்போது பெரிய வேலையாக இருந்தது. 30 மில்லிலீற்றர் மருந்துக் கிண்ணத்தில் தண்ணீரை ஊற்றி, மிடறு மிடறாகக் கால் மணி நேரத்தில் முடிக்க வேண்டும். ஒரே மூச்சில் குடித்தால் நெஞ்சு அடைக்கும். திருகோணமலையில் கச்சான் காற்று வீசும் மாதங்களில் சும்மா இருந்தாலே உடம்பு வற்றிவிடும். சத்திரசிகிச்சை செய்தவர்கள் மீண்டும் வைத்தியசாலைக்கு ஓட நேர்வதற்கு நீரிழப்பு ஒரு முக்கிய காரணம் என்பதை அந்தக் காற்றில் நின்றபோது நன்கு விளங்கிக்கொண்டேன். பருப்பு அவித்த தண்ணீர், வடித்த ரசம், பிறகு மசித்த பருப்பு, பிறகு மசித்த மீன் என்று வாரங்கள் நகர்ந்தன. நாளுக்கு 60 கிராம் புரதமாவது உள்ளே போகவேண்டும் என்பதால் கோப்பையில் மீனை முதலிலும் மரக்கறியை அடுத்ததாகவும் உண்ண வேண்டும். இடமிருந்தால் மட்டுமே சோறு. சோற்றைச் சுற்றியே எல்லாவற்றையும் அடுக்கிப் பழகிய ஒரு வீட்டில் இது எவ்வளவு பெரிய கவிழ்ப்பு என்பதை எங்களைப் போன்ற குடும்பத்தில் வளர்ந்தவர்கள்தான் அறிவார்கள்.

ஆறாவது வாரத்தில் அம்மா ஒரு கிண்ணத்தில் புட்டும் மீன் குழம்பும் கொண்டுவந்து, "ஒரு வாய் மட்டும் சாப்பிடு பிள்ளை" என்றார். அந்த முகத்துக்கு என்னால் மறுப்புச் சொல்ல இயலவில்லை. மூன்றாவது வாயில் புட்டு நெஞ்சுக்குள் கட்டியாக நின்றது. நுரை நுரையாக எச்சில் சுரந்தது. குசினித் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றேன். அம்மா பின்னால் நின்று, தன் கையால் சமைத்தது எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று அழுதார். நானும் அழுதேன். தையல்கள் அதற்குள் ஆறிவிட்டிருந்தன. ஆறாத ஒன்று இருப்பதை அன்றுதான் கண்டேன்.

பசி இல்லாமல் போனவர்களுக்கு உணவின் நினைவும் போய்விடும் என்று நான் நம்பியிருந்தேன். பின்னேரம் நான்கு மணியானால் வயிறு அமைதியாக இருக்க, கை மட்டும் வடையைத் தேடியது. கவலை வந்தால் இனிப்பும் களைத்தால் உறைப்பும் தேடியே முப்பது ஆண்டுகள் வாழ்ந்தவளிடமிருந்து அந்தத் துணையைப் பறித்துவிட்டார்கள். பறித்த இடத்தில் என்ன வைப்பது என்று ஒருவரும் சொல்லவில்லை. நிறை இறங்கிக்கொண்டிருந்த அந்த நாட்களில் நான் துக்க வீட்டில் இருப்பவளைப்போல இருந்தேன். ஏன் இதைச் செய்தேன் என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன். சத்திரசிகிச்சைக்கு முன்பு இரத்தத்தையும் இதயத்தையும் நுரையீரலையும் சோதித்தார்கள். மனத்துக்கு ஒரு கையெழுத்தோடு சரி. இதை நான் ஒரு பெரிய குறையாகவே கருதுகிறேன்.

பிறகு நானாகத் தேடிச் சென்ற உளவளத்துணையாளர், மூன்றாவது சந்திப்பில், "உங்கள் வீட்டில் யாராவது பசித்திருந்தார்களா?" என்று கேட்டார். 1990ஆம் ஆண்டு நாங்கள் வீட்டை விட்டு ஓடியபோது எனக்குப் பத்து வயது. முகாமில் பல நாட்கள் ஒருவேளைக் கஞ்சிதான். தன் பங்கை எனக்கும் தங்கைக்கும் பிரித்துவிட்டு, தனக்குக் "காணும்" என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் அந்தச் சொல்லைப் பொய்யாகச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார். அதனால்தான் ஊர் திரும்பிய பிறகு வேறெவர் வாயிலிருந்து அது வந்தாலும் அவர் நம்பவில்லை. என் உடல் பருமனுக்கு முழுக் காரணமும் இதுவென்று நான் சொல்லவரவில்லை. பரம்பரையும் நீரிழிவு மருந்துகளும் நாற்காலி வேலையும் உண்டு. ஆயினும் அன்று வீடு திரும்பியபோது அம்மாவின் மேல் எனக்கிருந்த கோபம் முற்றாக நீங்கியிருந்தது.

நான்காம் மாதம் தலைமயிர் கற்றை கற்றையாக உதிர்ந்தது. பெரிய சத்திரசிகிச்சையும் வேகமான நிறைகுறைவும் உடலுக்குத் தரும் அதிர்ச்சியால் வருவது, மீண்டும் முளைக்கும் என்றார்கள்; முளைத்தது. அந்தக் காலத்தில்தான் பத்திரகாளி அம்மன் கோவில் வீதியில் ஒருவர் "என்ன பிள்ளை, ஏதும் வருத்தமோ?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார், அடுத்தவரோ "இப்பதான் வடிவாயிருக்கிறீர்" என்று வாழ்த்தினார். முதலாமவரின் கேள்வியை எளிதில் மறந்துவிட்டேன். வாழ்த்து மட்டும் பல நாட்கள் உறுத்தியது. 118 கிலோ உடலோடுதான் நான் இரண்டு பிள்ளைகளைப் பெற்று வளர்த்தேன், அப்பாவைக் கடைசிவரை தூக்கிக் குளிப்பாட்டினேன். அந்த உடலை எவரும் என் முன்னால் இழித்துப் பேசுவதை இனி நான் அனுமதிப்பதாக இல்லை.

இன்று நிறை 82 கிலோ. இன்சுலின் நிறுத்தப்பட்டுவிட்டது, முகமூடி இல்லாமல் உறங்குகிறேன். மேற்கைகளிலும் வயிற்றிலும் தோல் தொங்குகிறது. நடுவில் நன்றாக இருக்கிறேன் என்ற எண்ணத்தில் குளிசைகளை இரண்டு மாதங்கள் விட்டுவிட, இரும்புச்சத்து குறைந்து படியேறவே மூச்சு வாங்கியது. விற்றமின் பி12, இரும்பு, கல்சியம் ஆகியவற்றையும் இரத்தப் பரிசோதனையையும் வாழ்நாள் முழுவதும் விடக்கூடாது என்பதைத் தயவுசெய்து என்னைப்போல் பட்டறிந்து கொள்ளாதீர்கள். மாலையில் டச்பே கடற்கரையில் நடக்கிறேன். சில நாட்களில் கோட்டை மான்கள் அந்தப் பக்கம் வந்து மேய்ந்துகொண்டிருக்கும்.

எட்டாம் மாத கிளினிக்குக்கு அம்மாவையும் அழைத்துச் சென்றேன். போசணை நிபுணர் ஒரு சிறிய கிண்ணத்தைக் காட்டி, "இவருடைய இரைப்பை இவ்வளவுதான் அம்மா, நிரப்பிவிட்டால் இவருக்கு நோகும்" என்றபோது, அம்மா அந்தக் கிண்ணத்தைக் கையில் வாங்கி நெடுநேரம் பார்த்தார். அதன் பிறகு மீனுக்கு முள் எடுப்பது அவருடைய வேலையாயிற்று. சென்ற ஞாயிறு மதியம் ஓர் இடியப்பமும் சொதியும் இரண்டு துண்டு விளைமீனும் வைத்துவிட்டு எதிரே அமர்ந்திருந்தார். பாதி இடியப்பம் எஞ்சியிருந்தது.

"காணுமோ?"

"காணும் அம்மா."

கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.