ஜோர்கியின் தலையில் ஒரு மீட்டர்

இன்று காலை நண்பர் தன் ஜோர்கி-4 கேமரா மேல் புதிதாக வாங்கிய, ஒளியை அளக்கும் குட்டி லைட் மீட்டரைச் செருகிக் காட்டினார். பார்க்க அவ்வளவு அழகு.

ஷட்டரை அழுத்தினார். மெல்லிய உரசல் சத்தம்.

மீட்டரின் விளிம்பு ஷட்டர் வேக டயலில் இடித்துக்கொண்டிருந்தது.

அந்த சோவியத் கேமராவில் படம் எடுக்கும்போது டயலும் கூடவே சுழலும். அதை எதுவும் தொடக் கூடாது; தொட்டால் ஷட்டரின் ஓட்டம் தடைபடும், மீட்டர் எவ்வளவு சரியாக அளந்து சொன்னாலும் எக்ஸ்போஷர், அதாவது ஃபிலிமில் விழும் ஒளியின் அளவு, கெட்டுவிடும். அதனால் விலை, விமர்சனம் எல்லாம் பார்ப்பதற்கு முன்னால் ஒரு ஸ்கேல் எடுத்து, மீட்டரைச் செருகும் ஷூவிலிருந்து டயல் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளந்துவிடுங்கள்.

அப்புறம் பேட்டரி. பழைய செலினியம் மீட்டருக்கு அது தேவையே இல்லை, ஆனால் வருஷங்கள் போகப் போக ஒளியை உணரும் அதன் செல் வலுவிழந்துவிடும். வாய்க்லாண்டர் விசி மீட்டர் 2-க்கு இரண்டு எல்ஆர்44 பட்டன் பேட்டரி போதும். மீட்டரின் டயலைத் திருப்பி நடு விளக்கு எரிந்தால் சரி, அவ்வளவுதான் வேலை. திரையில் எண் காட்டும் மீட்டர்களைவிட எனக்கு இதுதான் கைக்கு இணக்கம்.

இன்னொன்று. ஷூ மீட்டர் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. லென்ஸில் மஞ்சள் ஃபில்டர் போட்டால், அது தடுக்கும் ஒளிக்காகச் சுமார் ஒரு ஸ்டாப் (அதாவது இரு மடங்கு ஒளி) நீங்கள்தான் கூட்ட வேண்டும். சுண்ணாம்பு அடித்த வெள்ளைச் சுவரைக் காட்டினால் அதைச் சாம்பல் என்றே எடுத்துக்கொண்டு ஒளியைக் குறைத்துச் சொல்லும், அங்கேயும் ஒன்றோ ஒன்றரையோ கூட்டுங்கள்.