அம்மாயி எடுத்துக்கொண்டு போன சல்சா

ஆம்லெட்டுக்குள் வைக்க, சல்சா என்ற மெக்சிகோ சாஸ் செய்தேன். உடுமலைத் தக்காளி மூன்று, பச்சை மிளகாய் இரண்டு, பூண்டுப் பல் இரண்டு. இரும்புச் சட்டியில் தோல் கருகச் சுட்டு, உப்போடு கல்லுரலில் ஒன்றிரண்டாக இடித்தேன். மிக்சியில் போட்டால் கூழாகிவிடும். மெக்சிகோவிலும் மொல்கஹெதே என்ற எரிமலைக்கல் உரலில் சல்சா இடிப்பது வழக்கம். வெங்காயம், கொத்தமல்லித் தழை, எலுமிச்சைச் சாறு கடைசியில்.

சல்சாவின் நீரை வடிக்காமல் உள்ளே வைத்து மடித்ததால் முதல் ஆம்லெட் கிழிந்து முட்டைப் பொரியலாகிவிட்டது. அதை நானே சத்தமில்லாமல் தின்றுவிட்டேன்.

இரண்டாவதை ருசித்த அம்மாயி, “அம்மணி, இது சுட்ட தக்காளித் துவையல்தானே?” என்றார். தக்காளியும் மிளகாயுமே மெக்சிகோ பக்கத்திலிருந்து வந்தவை என்றேன். நம்பவில்லை. “கம்பஞ்சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள ஆகும்” என்று மீதிச் சல்சாவைக் கிண்ணத்தோடு எடுத்துக்கொண்டு போய்விட்டார்.