61 நாள் பற்று நோட்டு

ஏப்ரல் 8, 2025, செவ்வாய்

சிலிண்டர் 50 ரூபாய் ஏறிவிட்டது. சென்னையில் 868 ரூபாய் 50 காசு என்று டிவியில் ஓடுகிறது. எங்கள் தங்கச்சிமடத்தில் அதற்கு மேல், தூக்கிக்கொண்டு வந்து வைக்கிற தம்பிக்கு ஒரு 50 தனி. மானியக் கனெக்‌ஷன் வைத்திருக்கிற எதிர்வீட்டுப் பெண்ணுக்கும் அதே 50 ஏற்றம்தான்.

முந்தாநாள்தான் பாம்பன் புதுப் பாலம் திறந்தார்கள். இரண்டேகால் வருசத்துக்குப் பிறகு தீவுக்குள் ரயில் சத்தம் கேட்கிறது. சின்னவன் குதிக்கிறான். மாமி மட்டும், "ரயிலு வந்தா எண்ணெ வெல எறங்குமாடா?" என்று கேட்டார்கள். அவனிடம் பதில் இல்லை. என்னிடமும் இல்லை.

பெரியவளின் பழைய கணக்கு நோட்டில் பாதிப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. இன்றிலிருந்து வீட்டுக்குள் வருகிற ஒவ்வொன்றையும் அதில் எழுதப்போகிறேன். ஐந்து ரூபாய்க்கு வாங்கும் பச்சை மிளகாய் உட்பட.

ஏப்ரல் 15, செவ்வாய்

விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிவிட்டது. ஜூன் 14 வரை 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்கான காலம், தேவைதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. மீன் முட்டை போடும் இந்த 61 நாளும் நம் வீட்டில் அடுப்பு எரிய வேண்டுமே, கவலை அதுதான்.

நிவாரணம் 8,000 ரூபாய். 2023 வரை 5,000. கூடியது உண்மை. ஆனால் 61 நாளுக்குப் பிரித்துப் பார்த்தால் நாளைக்கு 131 ரூபாய். நாங்கள் ஐந்து பேர். அதுவும் கைக்கு வரும்போதுதான் கணக்கில் எடுக்க வேண்டும். மகளிர் உரிமைத் தொகை 1,000 ஏறியிருந்தது. ஏறிய அன்றே 650 மகளிர் குழுக் கடனின் வாரத் தவணைக்குப் போய்விட்டது. தவணைக்குத் தடைக்காலம் கிடையாது.

இவுக போட்டைக் கரையேற்றிவிட்டு வந்து, "பத்து நாளைக்குப் பெயின்டு வேலை இருக்கு, அப்புறம் வலை பொத்தணும்" என்றார்கள். நாளைக்கு 600. அதற்குப் பிறகு முதலாளியிடம் அட்வான்ஸ். வாங்கும்போது இனிக்கும், சீசன் முழுக்கப் பங்கில் பிடிப்பார்கள்.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

இன்று கஞ்சியும் துவையலும். விரதம் என்பதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. தவக்காலம் இன்னும் ஒரு மாதம் நீண்டால் நல்லது என்று கோயில் வாசலிலேயே நினைத்துக்கொண்டேன். ஆண்டவர் மன்னிப்பாராக.

துவையலுக்குத் தேங்காய்தான் பிரச்சினை. இந்த வருசம் காய்ப்பு குறைவு. தேங்காய் விலையைச் சொன்னாலே மாமிக்கு நெஞ்சு படபடக்கிறது. எங்கள் கொல்லையில் மூன்று மரம் நிற்பதால் மாமி இப்போது ஒரு பண்ணையார். காலையும் மாலையும் அண்ணாந்து காய் எண்ணுகிறார்கள். நேற்று ஒன்று குறைந்ததாம். ராத்திரி முழுக்கத் திண்ணையில் காவல். விடிந்து பார்த்தால் இவுக இளநீராகக் குடித்திருக்கிறார்கள்!

தேங்காய் அரைக்காமல் மீன் குழம்பு வைப்பது மாமி அகராதியில் பாவம். நான் போன வாரம் அரை மூடியைக் கால் மூடியாக்கி, கொஞ்சம் பொட்டுக்கடலை சேர்த்து அரைத்தேன். வாயில் வைத்ததும் தட்டை நிறுத்திவிட்டு, "இது யாரு வீட்டுக் கொழம்பு?" என்றார்கள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

நோட்டைக் கூட்டிப் பார்த்தேன். பெரிய செலவு எதுவும் பெரிதாக இல்லை. 10, 15, 20 என்று சின்னச் சின்னதாய்ப் போனதுதான் மலைபோல நிற்கிறது. சந்தேகம் வந்து, மாமி மீன் விற்றபோது வைத்திருந்த தராசை எடுத்துத் துடைத்து வைத்தேன்.

அண்ணாச்சி கடையில் 15 ரூபாய்க்குப் பருப்பு கேட்டால் 100 கிராம். அப்படியென்றால் கிலோ 150. அதே கடையில் கிலோவாக வாங்கினால் 120. எண்ணெய் 100 மில்லி 20 ரூபாய். லிட்டருக்கு 200 ஆகிறது. பாக்கெட்டில் வாங்கியிருந்தால் 155. அன்றன்றைக்குக் காசு இருப்பதால் அன்றன்றைக்கு வாங்குகிறோம். அதற்கே 45 ரூபாய் தண்டம். விலைவாசி ஏறியது ஊருக்கெல்லாம். இந்தத் தண்டம் எங்களைப்போல் கொஞ்சம் கொஞ்சமாக வாங்குகிறவர்களுக்கு மட்டும்.

அண்ணாச்சியைக் குறை சொல்ல வாய் வரவில்லை. பற்று எழுதிக்கொண்டு தருகிறார். இரண்டு மாதம் காத்திருக்கிறார். காத்திருப்பதற்கு ஒரு விலை போட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

ஷாம்பு மட்டும் தலைகீழ். ஒரு ரூபாய் பாக்கெட்டைச் சேர்த்துக் கணக்குப் போட்டால் பாட்டிலைவிட அதுதான் மலிவு. பெரியவள் பாட்டில் வேண்டும் என்று ஒரு மாதமாக நிற்கிறாள். இன்றைக்கு நோட்டைக் காட்டினேன். "தலைக்கு மட்டும் சாஷே, பருப்புக்கு மட்டும் மூட்டையா?" என்று போய்விட்டாள்.

மே 3, சனி

பள்ளிக்கூடம் மூடியதும் ஒரு செலவு சத்தமில்லாமல் உள்ளே வரும். சின்னவன் மூன்றாம் வகுப்பு. பள்ளி நாளில் காலையில் அங்கேயே உப்புமாவோ பொங்கலோ, மதியம் சாப்பாடு, வாரம் ஐந்து முட்டை. பெரியவளுக்கும் மதியம் அங்கேதான். இப்போது இரண்டு பேரும் மூன்று வேளையும் வீட்டில். நடுவில் "அம்மா, தின்ன என்ன இருக்கு?" வேறு. முட்டை இரண்டு பேருக்கும் வாரத்துக்குப் பத்து என்று எழுதிப் பார்த்துவிட்டு ஆறாக்கினேன்.

ரேஷனில் துவரம் பருப்பு 30, பாமாயில் 25. அதுதான் வீட்டைப் பிடித்து நிறுத்துகிறது. ஆனால் மாதம் ஒரு கிலோ பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய். பதினெட்டாம் தேதிக்குள் இரண்டும் காலி. விலையில்லா அரிசியை நான் இட்லிக்கும் புட்டுக்கும் வைத்துக்கொள்கிறேன். புழுங்கலைக் கழுவி இரண்டு மணி நேரம் ஊறப்போட்டு வடித்தால் சோறும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இவுகளுக்கும் பிள்ளைகளுக்கும் ராத்திரிக்குப் பொன்னிதான் இறங்கும்.

கடல் பக்கத்தில் இருந்துகொண்டு மீனுக்கு ஏங்குவதை என்ன சொல்ல! நாட்டுப்படகு மீன் மட்டும்தான் வருகிறது. அதுவும் ஏலத்தில் ஏறிப் போகிறது. தடைக்கு முன்பே மாமி உப்புப் போட்டு உலர்த்திய சூடைக் கருவாடு ஒரு பானை இருக்கிறது. கத்தரிக்காயோடு போட்டால் இரண்டு வேளைக்கு வரும். தக்காளி இப்போது மலிவு. 2023 ஜூலையில் கிலோ நூறைத் தாண்டியபோது புளியை மட்டும் கரைத்து ஓட்டிய குழம்பை நினைத்தால் இது ராஜ வாழ்க்கை. குண்டு மிளகாயும் இந்தத் தடவை விலை இறங்கிக் கிடக்கிறது. வருசத்துக்குத் தேவையானதை வாங்கி மாடியில் காயப்போட்டேன். எனக்குச் சந்தோசம். முதுகுளத்தூர்ப் பக்கம் மிளகாய் போட்டிருக்கிற எங்கள் சித்தப்பாவுக்கு வயிற்றெரிச்சல். போனில் பேசும்போது விலையைக் கேட்காமல் விட்டேன்.

மே 9, வெள்ளி

ஒரு யோசனை. 2022 ஜூலையிலிருந்து பாக்கெட் போட்ட அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி. 25 கிலோவுக்கு மேல் போனால் வரி இல்லை. அதனால்தான் கடைகளில் 26 கிலோ மூட்டை வந்தது. இத்தனை நாளாக அந்த 26ஐப் பார்த்து, ஒரு கிலோ இனாம் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூட்டையாக வாங்க ஒரு வீட்டில் காசு இல்லை. நான்கு வீட்டில்? கிணத்தடி அக்கா, தையல்கார அக்கா, எதிர்வீட்டுப் பெண், நான். கரையில் மீனைப் பங்கு போடுகிறோமே, அரிசியைப் போட்டால் என்ன? ராமேஸ்வரம் மொத்தக் கடைக்குப் போகப் பெண்களுக்கு டவுன் பஸ் இலவசம். மூட்டை 1,400. ஆளுக்கு 350, ஆறரைக் கிலோ. அண்ணாச்சி கடையில் கிலோ 62 கணக்கில் 403 ஆகியிருக்கும்.

போகும்போது பஸ். வரும்போது மூட்டையோடு ஷேர் ஆட்டோ, 100 ரூபாய். ஆளுக்கு 25. ஆக, அரை நாள் வெயிலில் அலைந்து மிச்சம் பண்ணியது ஆளுக்கு 28 ரூபாய். தையல்கார அக்கா சிரித்த சிரிப்பில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மே 10, சனி

பங்கு போட்டபோது சண்டை. மாமி தராசில் கை வைக்கிறார்கள் என்று கிணத்தடி அக்கா. "முப்பது வருசம் மீனு வித்தவ கை இது, பத்து கிராம் கூடப் போகும், கொறையாது" என்று மாமி. கடைசியில் மிஞ்சிய ஒரு பிடி அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டு நான்கு பேரும் காப்பி குடித்தோம். சீனி என் வீட்டுச் சீனி. நோட்டில் எழுதினேன்.

மே 17, சனி

அரிசியில் மிச்சம் இல்லை, எண்ணெயில்தான் இருக்கிறது என்று கணக்குச் சொன்னது. உரிமைத் தொகை வந்த சூட்டோடு 15 லிட்டர் டின் எடுத்தோம். 2,240. ஆளுக்கு 560, மூன்றே முக்கால் லிட்டர். சில்லறையில் வாங்கினால் 750 ஆகியிருக்கும். ஆளுக்கு 190 மிச்சம். இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எதிர்வீட்டுப் பெண்ணிடம் காசு இல்லை. அவள் வீட்டுக்காரருக்கு மஞ்சள்காமாலை, பெயின்டு வேலைக்கும் போகவில்லை. அவள் பங்கை நான் போட்டேன். "அடுத்த வாரம் தாரேன்க்கா" என்றாள். மாமி உள்ளே பாத்திரத்தை ஒரு தட்டுத் தட்டினார்கள். அது ஒரு பாஷை.

மே 24, சனி

தரவில்லை. கிணற்றடியிலும் பார்க்க முடியவில்லை. நான் வரும் நேரம் பார்த்துக் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். வலை பொத்தும் வேலையும் முடிந்தது. நான் நான்கு நாள் மல்லிகை நாற்றுக் கொல்லையில் களை எடுக்கப் போனேன். 300 கூலி. இடுப்பு விட்டுப்போனது.

மே 31, சனி

கச்சா பாமாயில், சூரியகாந்தி எண்ணெய்க்கு இறக்குமதி வரியை 20 சதவீதத்திலிருந்து 10 ஆக்கிவிட்டார்கள் என்று செய்தி. போன செப்டம்பரில் வரியை ஏற்றிய மறுநாளே அண்ணாச்சி கடையில் விலை ஏறியது நினைவிருக்கிறது. இன்றைக்குப் போய்க் கேட்டேன். "பழைய ஸ்டாக்கும்மா" என்றார். ஏறும்போது பழைய ஸ்டாக் எங்கே போனது என்று கேட்க நினைத்தேன். பற்று 4,300 நிற்கிறது. கேட்கவில்லை.

ஜூன் 3, செவ்வாய்

பள்ளி திறந்துவிட்டது. நோட்டும் புத்தகமும் அங்கேயே. சின்னவனிடம் என்னடா சாப்பாடு என்று கேட்டேன். "முட்டை" என்றான். நான் விட்ட பெருமூச்சு அவனுக்குப் புரிந்திருக்காது.

ஜூன் 18, புதன்

போட்டு போய் வந்துவிட்டது. இறால் நல்ல பாடு. எல்லாப் போட்டுக்கும் நல்ல பாடு என்பதால் வியாபாரி விலையை இறக்கிவிட்டார். இவுக கொண்டு வந்த இறாலுக்குக் கிலோ 240 போட்டார்களாம். டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழித்து, பங்கு பிரித்து, அதில் அட்வான்ஸுக்குப் பிடித்தது போகக் கையில் 2,600. அண்ணாச்சிக்கு 1,500 கொடுத்தேன். பக்கத்தைத் திருப்பி, புதிதாக ஒரு கோடு போட்டார்.

சாயங்காலம் வாசலில் ஒரு பை. எதிர்வீட்டுச் சின்னப் பெண் வைத்துவிட்டு ஓடியது. உள்ளே 200 ரூபாயும், ஈரமாக ஒரு பொட்டலம் இறாலும். வீட்டுக்காரர் தேறி இந்தத் தடவை கடலுக்குப் போயிருக்கிறார், கறிக்கு எடுத்து வந்ததில் கொடுத்திருக்கிறாள். மாமி எதுவும் பேசாமல் தராசை எடுத்து வைத்தார்கள். ஒண்ணே கால் கிலோ.

நோட்டை விரித்தேன். 560இல் 200 கழித்து மீதி 360. இறாலை என்ன விலைக்கு எழுதுவது? வியாபாரி போட்ட 240 என்றால் 300 ரூபாய். இன்னும் 60 அவள் தர வேண்டும்.

"கடையில நீ காசு குடுத்து வாங்குனா என்ன வெல?" என்று மாமி கேட்டார்கள்.

"400."

"அத எழுது."

எழுதினேன். 500. இப்போது நாங்கள்தான் அவளுக்கு 140 தர வேண்டும்.