கொடுமுடித் தீர்த்தம்

போன வருடம் மகள் காய்ச்சலில் 11 நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். என் அம்மாவைப் பெற்ற அம்மிச்சி மஞ்சள் துணியில் காசு முடிந்து, "கொடுமுடித் தீர்த்தம் கொண்டாந்து ஊத்தறோம் பழனியாண்டவா, புள்ளைய எழுப்பிக் குடு" என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை எழுந்துவிட்டாள். இந்தப் பங்குனி உத்திரத்துக்குத் தீர்த்தக்காவடி என் தோளுக்கு வந்தது.

காவிரிக் கரையிலிருக்கும் கொடுமுடியில் இறங்கியதுமே "பரிகாரமுங்களா? தோஷமுங்களா?" என்று நாலு பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவர் அம்மிச்சியின் கையையே பிடித்து இழுத்தார். சரி, அதைப் பொறுத்துக்கொண்டேன். படித்துறையைப் பார்த்தபோதுதான் மனசு ஆறவில்லை.

முழங்கால் தண்ணீரில் காலை ஏதோ சுற்றியது. எடுத்தால் ஈர வேட்டி. பரிகாரக் குளியல் முடித்தவர்கள் அவிழ்த்து விட்டது. பக்கத்திலேயே ஒரு புடவை, ஷாம்பு கவர்கள், அழுகிய மாலை. அங்கே குடத்தை முக்கக் கை வரவில்லை.

தலைக்காவிரியில் பிறந்து பூம்புகார் வரை 800 கிலோமீட்டர் ஓடுகிறவள். ராமநாதபுரத்துக் குழாயிலும் அவள் தண்ணீர்தான். அவளுக்கு நாம் கொடுப்பது பள்ளிபாளையம், குமாரபாளையத்துச் சாயத்தண்ணியும் ஊர்ச் சாக்கடையும். நொய்யல் கரையில் வளர்ந்தவன் நான். 1992-ல் பாசனத்துக்கென்று கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் திருப்பூர்ச் சாயக்கழிவு தேங்கியது. பாசனத்தண்ணி கேட்ட விவசாயிகளே அதைத் திறந்துவிடாதீர்கள் என்று போராட வேண்டி வந்தது. 2011-ல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதற்குள் எங்கள் கிணற்றுத் தண்ணீரை மாடுகூட மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். அந்த நொய்யலும் கடைசியில் காவிரியில்தான் போய் விழுகிறது.

"இங்க வேண்டாஞ் சாமி, மேல போலாம்" என்றார் அம்மிச்சி. முட்டிவலியோடு கரையோரமாகவே நடந்து, தண்ணீர் ஓட்டமாக இருந்த இடத்தில் நின்றார். முந்தானையை நாலாக மடித்துக் குடத்தின் வாயில் பிடித்துக்கொள்ள, நான் சொம்பில் மொண்டு மொண்டு ஊற்றினேன். துணியில் கொஞ்சம் மணலும் கறுப்பாக ஏதோ தூசும் தங்கின. அம்மிச்சி அதை விரலால் வழித்துப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. சின்ன வயதில் இதே ஆற்றில் இரண்டு கையாலும் அள்ளிக் குடித்தவர் அவர்.

அப்புறம் கோயில் வன்னி மரத்தடியில் கிடந்த இலைகளைப் பொறுக்கிக் குடத்தில் போட்டார். "இது கெடந்தாத் தண்ணி கெடாது கண்ணு." சரிங்க என்றேன். ஏற்கெனவே கலந்ததை எந்த இலை எடுக்கும் என்று கேட்க வாய் வரவில்லை.

மகுடேசுவரர் சன்னதியில் அன்று நல்ல நெரிசல். பின்னாலிருந்து தள்ளுகிறார்கள், இடுப்பில் குடம். சட்டென்று தீபாராதனை. சுந்தரர் நமச்சிவாயப் பதிகம் பாடிய இடத்தில் அந்தச் சின்ன லிங்கத்தைப் பார்த்தேன், அவ்வளவுதான், கண் நிறைந்துவிட்டது. மகளுக்காக, வீட்டுக்காக என்று மனசில் அடுக்கி வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. "ஆத்தாளக் காப்பாத்து சாமி" என்று மட்டும்தான் வந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, யாரும் என்னை நகர்த்தவில்லை. அந்தக் கூட்டத்தில் அது அவன் கருணைதான்.

முத்தூர், வெள்ளகோவில், தாராபுரம் என்று நடை. வழியெல்லாம் நீர்மோர் கொடுத்த புண்ணியவான்கள் நன்றாக இருக்க வேண்டும். சண்முகநதியில் குளித்துக் குடத்தைத் திறந்தபோது வன்னி இலை மேலே மிதந்தது, தண்ணீரில் ஒரு வாடையில்லை. அரோகரா சொல்லி மலையேறித் தீர்த்தத்தைச் சேர்த்தேன். முருகா, என் பிள்ளையைத் தந்தாயே.

இறங்கியதும் அம்மிச்சியிடமிருந்து போன்.

"தண்ணி கெடலியே கண்ணு?"

"கெடலைங்க அம்மிச்சி."