தூங்கிய மடிக்கணினி எழுந்திருக்க மறுத்தபோது

லினக்ஸ் ஓடும் என் மடிக்கணினி ஒழுங்காகத் தூங்கப் போகும், எழுந்திருக்காது. மூடியைத் திறந்தால் மின்விசிறி சுற்றும், திரை மட்டும் கறுப்பாகவே இருக்கும். பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைப்பதைத் தவிர வேறு வழியில்லை. தூக்க வசதியையே முடக்கிவிடும்படி பலரும் சொன்னார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. கோளாறைத் தேடிப் பிடிப்பதற்கான கருவிகளை, லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலை எழுதியவர்கள் அதற்குள்ளேயே வைத்திருக்கும்போது ஏன் விட்டுவிட வேண்டும்?

முதலில் தூக்கத்தின் வகையைப் பார்த்தேன். 'மெம் ஸ்லீப்' கோப்பில் 'டீப்' தேர்வாகியிருந்தது. நினைவகத்துக்கு மட்டும் மின்சாரம் கொடுத்து, ஏறக்குறைய மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடும் எஸ்3 நிலை அது.

அடுத்து, தூக்கத்தைப் படிப்படியாகச் சோதிக்கும் 'பிஎம் டெஸ்ட்' வசதி. ஃப்ரீசர், டிவைசஸ், பிளாட்ஃபார்ம், பிராசசர்ஸ், கோர் என்று இதில் ஐந்து படிகள். நாம் எழுதும் படிவரை கணினி தூங்கப் போய், 5 விநாடி நின்று, திரும்பிவிடும். ஐந்தும் பிசகில்லாமல் தேறின. உண்மையான தூக்கத்தில் மட்டும் கணினி செத்துக் கிடந்தது.

இந்த முரண்தான் எனக்கு வழிகாட்டியது. கெர்னல் சாதனங்களைக் கண்டபடி அணைப்பதில்லை. யுஎஸ்பி மவுஸ் முதலில், அது தொங்கும் கட்டுப்படுத்தி பிறகு, சாதனங்களைச் செயலியோடு இணைக்கும், அதற்கும் மேலுள்ள பிசிஐ பாலம் கடைசியில். எழுப்பும்போது வரிசை தலைகீழாகும். சாதனத்தை இயக்கும் மென்பொருளான டிரைவர் ஒவ்வொன்றும் பிரிப்பேர், சஸ்பெண்ட், சஸ்பெண்ட் லேட், சஸ்பெண்ட் நோ ஐஆர்க்யூ என்ற கட்டங்களைக் கடக்கிறது. கடைசிக் கட்டத்தில் சாதனத்தின் குறுக்கீடுகள் (கவனம் கோரும் சமிக்ஞைகள்) டிரைவரை எட்டாது. சோதனை இந்தக் கட்டங்களை நடத்திப் பார்க்கிறதே தவிர, இயந்திரத்தை எஸ்3 நிலைக்குள் அனுப்புவதில்லை. உண்மையான தூக்கத்தில் மின்சாரம் போய், சாதனத்தின் சிறு நினைவிடங்களான ரிஜிஸ்டர்களில் இருந்தவை அழிந்துவிடலாம். அவற்றை மீண்டும் நிரப்புவது டிரைவரின் பொறுப்பு. ஆகவே, ஏதோ ஒரு டிரைவர் தன் சாதனம் பழைய நிலையிலேயே இருப்பதாக நம்பிக்கொண்டு அதன் பதிலுக்காகக் காத்துக் கிடக்கிறது என்று ஊகித்தேன்.

எது அந்த டிரைவர்? திரையும் இல்லை, வட்டில் பதிவும் இல்லை. இங்கேதான் 'பிஎம் ட்ரேஸ்' என்ற அருமையான உத்தி கைகொடுத்தது. மின்சாரம் போனாலும் அழியாத கணினிக் கடிகாரத்தில், கடைசியாகத் தொட்ட சாதனத்தின் அடையாளத்தைக் கெர்னல் எண்ணாகச் சுருக்கி எழுதிவைக்கிறது. தேதியும் நேரமும் தாறுமாறாகிவிடும். அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கடிகாரம் ஓடிக்கொண்டே இருப்பதால் மூன்று நிமிடங்களுக்குள் மறுதொடக்கம் செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம். அப்படியே செய்து கெர்னல் பதிவைப் பார்த்தேன். 'ஹேஷ் மேட்சஸ்' என்ற வரியில் ஒரு பிசிஐ முகவரி இருந்தது. சுருக்கிய எண் என்பதால் தொடர்பில்லாத சாதனமும் தற்செயலாகப் பொருந்திவிடலாம். அதனால் மறுபடியும் ஓட்டினேன். அதே முகவரி. வைஃபை அட்டை.

தூங்கவைக்குமுன் வைஃபை டிரைவரை நீக்கிப் பார்த்தேன். கணினி உடனே எழுந்தது. கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி, தூக்கத்துக்கு முன் 'பிரி', பின் 'போஸ்ட்' என்ற சொல்லோடு நம் ஸ்கிரிப்டை அழைக்கும். முன்னதில் டிரைவரை நீக்கவும் பின்னதில் ஏற்றவும் சில வரிகள் எழுதினேன். அது தற்காலிக ஏற்பாடுதான். பதிவுகளையும் பிசிஐ முகவரியையும் கெர்னல் பதிப்பையும் சேர்த்து டிரைவரைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினேன். விழிக்கும்போது அட்டைக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதிதாக ஏற்றும் திருத்தம் வந்தது.

திருத்திய கெர்னலில் ஸ்கிரிப்டை அகற்றிவிட்டு, குறித்த நேரத்தில் கணினியை எழுப்பும் ஆர்டிசிவேக் கட்டளையால் இரவு முழுவதும் கணினியைத் தூங்கி எழச் செய்தேன். காலையில் 'சஸ்பெண்ட் ஸ்டாட்ஸ்' கோப்பகத்தில் தோல்விக் கணக்கு பூஜ்யம். வைஃபையும் இணைந்தே இருந்தது.