இரண்டு லட்சம் எண்களும் ஒரு லிஸ்டும்

போன மாதம் ஒரு நிறுவனத்துக்குச் சின்ன வேலை ஒன்று செய்து கொடுத்தேன். கோப்பில் வாடிக்கையாளர்களின் கைபேசி எண்கள் இருக்கும்; ஒரே எண்ணுக்கு இரண்டு முறை எஸ்எம்எஸ் போகக் கூடாது. பைத்தான் நிரல்மொழியில் நான்கைந்து வரிதான். பார்த்த எண்களை ஒரு லிஸ்டில், அதாவது வரிசையான பட்டியலில், சேர்த்துக்கொண்டே போவது, அடுத்த எண் ஏற்கெனவே அதில் இருக்கிறதா என்று 'இன்' (in) என்ற சொல்லைப் போட்டுப் பார்ப்பது. 500 எண்களை வைத்து ஓட்டினேன். என்டர் தட்டியதும் முடிந்தது.

உண்மையான கோப்பில் 2,00,000 எண்கள். ஓட விட்டு, டீ போட்டுக் குடித்துவிட்டு வந்தும் ஓடிக்கொண்டே இருந்தது.

காகிதத்தில் கணக்குப் போட்டேன். லிஸ்டில் தேடுவது ஓ(என்), அதாவது O(n); உள்ளே எத்தனை இருக்கிறதோ அந்த அளவுக்கு வேலையும் கூடும்: இல்லாத எண்ணைத் தேடினால் கடைசி வரை ஒவ்வொன்றாகப் பார்த்தாக வேண்டும். 500 எண்களும் வேறு வேறு என்றால் மொத்தம் 1,24,750 ஒப்பீடுகள். 2,00,000 என்றால் ஏறக்குறைய 2,000 கோடி! எண்கள் 400 மடங்கு கூடியதற்கு வேலை 1,60,000 மடங்கு கூடிவிட்டது.

லிஸ்டை எடுத்துவிட்டு, ஒன்றை ஒரு முறை மட்டுமே வைத்துக்கொள்ளும் செட் (set) போட்டேன். செட் ஒவ்வொரு கைபேசி எண்ணிலிருந்தும் ஹேஷ் என்ற அடையாள எண்ணைக் கணக்கிட்டு, அது இருக்க வேண்டிய இடத்துக்கே நேராகப் போய்ப் பார்க்கும். சராசரியாக ஓ(1), அதாவது எத்தனை இருந்தாலும் ஒரே அளவு வேலை. பல எண்களுக்கு ஒரே இடம் கிடைத்து ஹேஷ்கள் மோசமாக மோதினால் ஓ(என்) ஆகலாம் என்றாலும், நம் அன்றாட வேலையில் அதை யாரும் பார்ப்பதில்லை. வேலை நொடியில் முடிந்தது. எண்கள் வந்த வரிசையும் முக்கியம் என்றால், அதே ஹேஷ் முறையில் இயங்கும் டிக்ட் (dict) நல்லது, பைத்தான் 3.7-இலிருந்து அது சேர்த்த வரிசையைக் காப்பாற்றும்.

அப்புறம்தான் அனுப்பும் பகுதி கண்ணில் பட்டது. லிஸ்டின் முன்பக்கத்திலிருந்து பாப்(0) என்ற கட்டளை போட்டு ஒவ்வொரு எண்ணாக எடுத்துக்கொண்டிருந்தேன். டாக்டரிடம் காத்திருக்கும்போது முதல் நாற்காலி காலியானால் எல்லோரும் எழுந்து ஒரு நாற்காலி தள்ளி உட்காருவார்களே, அதே வேலை. கூட்டிப் பார்த்தால் இங்கேயும் சுமார் 2,000 கோடி நகர்த்தல்கள். ஆனால் நினைவகத்தில் ஒட்டியிருப்பதை மொத்தமாகத் தள்ளிவிட முடிவதால், தேடலைவிட இது பல மடங்கு வேகமாக முடிந்துவிடுகிறது. அதனால்தான் இத்தனை நாள் என் கண்ணுக்குத் தப்பியிருக்கிறது. மொத்தமாகப் பார்த்தால் இரண்டுமே ஓ(என் ஸ்கொயர்)தான், எண்கள் இரட்டித்தால் வேலை நான்கு மடங்காகும்; அந்தக் குறியீடு வேலை எப்படி வளரும் என்று சொல்லும், எத்தனை நொடி என்று சொல்லாது. லிஸ்டுக்குப் பதில் இரு முனைகளிலும் சேர்க்கவும் எடுக்கவும் என்றே உள்ள டெக் (deque) என்றால், அந்த இரு முனைகளிலும் ஓ(1). நடுவில் உள்ளதை எடுக்கத்தான் அது மெதுவானது. வரிசையில் நிற்பவர்களுக்கு நடுவில் நமக்கு வேலை ஏது?

இப்போதெல்லாம் 500-இல் நிறுத்துவதில்லை. 10,000, 20,000, 40,000 என்று இரட்டித்துப் பார்க்கிறேன். நேரமும் இரட்டித்தால் சரி. நான்கு மடங்கானால், உள்ளே எங்கோ ஒரு லிஸ்ட் திரும்பத் திரும்ப முழுதாகப் புரட்டப்படுகிறதா என்று தேடத் தொடங்கிவிடுவேன்.