லாங் கோவிட்: 'எல்லாம் நார்மல்' ரிப்போர்ட்டைத் தாண்டி

ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12, ஈசிஜி. எடுக்கச் சொன்னதையெல்லாம் எடுத்தாயிற்று, எல்லாமே நார்மல். "டென்ஷனைக் குறைங்க, தினமும் நடங்க" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இரண்டாவது அறிவுரையை நினைத்தால் இன்னமும் கோபம் வருகிறது. கோவிட் போன பிறகும் மாதக்கணக்கில் தொந்தரவு நீடிக்கும் லாங் கோவிட்டில், பலருக்கு நடைபோன அன்று ஒன்றும் தெரியாது. 12 முதல் 72 மணி நேரம் கழித்துத்தான் ஆளைப் படுக்கையில் தள்ளும். இடைவெளி இருப்பதால் காரணமும் பிடிபடாது. இதே குணமுள்ள, தீராத களைப்பு நோயான எம்இ-க்கு, உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சை கூடாது என்று பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2021-லேயே சொல்லிவிட்டது.

அடுத்த முட்டுக்கட்டை, 'கோவிட் வந்ததற்கு ரிப்போர்ட் எங்கே?' வீட்டிலேயே டெஸ்ட் எடுத்தவர்களிடம் சீட்டு ஏது? உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரையறை, தொற்று உறுதியானவர்களோடு, வந்திருக்க வாய்ப்புள்ளவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. வழக்கமாகத் தொற்று தொடங்கி 3 மாதம் ஆன நிலையில், குறைந்தது 2 மாதமாவது நீடிக்கும், வேறு நோயால் விளக்க முடியாத தொந்தரவுகள் இருக்க வேண்டும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து ஃபைலில் முதல் தாளாக வையுங்கள்.

கதவைத் திறந்தது நிற்கும் சோதனை. ஈசிஜி படுத்த நிலையில் எடுப்பது. எழுந்து நின்றதும் எகிறும் நாடித்துடிப்பு அதில் எப்படித் தெரியும்? 10 நிமிடம் அசையாமல் படுத்து, நாடி, ரத்த அழுத்தம் இரண்டையும் குறியுங்கள். பிறகு குதிகால் சுவரிலிருந்து 15 செ.மீ. தள்ளியிருக்க, தோளை மட்டும் சுவரில் சாய்த்து 10 நிமிடம் நின்று, நிமிடத்துக்கு ஒருமுறை குறியுங்கள். பேசக்கூடாது, காலை அசைக்கக்கூடாது. அசைத்தால் கெண்டைக்கால் தசை ரத்தத்தை மேலே தள்ளி, கணக்கு கெட்டுவிடும். பெரியவர்களுக்குப் படுத்திருந்ததைவிடத் துடிப்பு நிமிடத்துக்கு 30 அல்லது அதற்கு மேல் கூடி அப்படியே நீடித்து, ரத்த அழுத்தம் பெரிதாக இறங்காமல் இருந்தால் பாட்ஸ் (நின்றால் நாடித்துடிப்பு எகிறும் கோளாறு) இருக்கலாம். பக்கத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். கண் இருட்டினால் உடனே நிறுத்துங்கள். வாய்ப்பேச்சுக்கு அசையாத டாக்டர், நிமிட வாரியான அந்தத் தாளைப் பார்த்ததும் தானே ஒருமுறை அளந்து பார்த்தார்!

இத்தனைக்கும் நடுவில், இருமுகிறவர்கள் நிறைந்த காத்திருப்பு அறை. மறுதொற்று வந்தால் மீண்டது போய்விடும் அபாயம் உண்டு. சர்ஜிகல் மாஸ்க் போதாது, பக்கவாட்டு இடைவெளியில் காற்று புகும். தலைக்குப் பின்னால் இரண்டு பட்டை உள்ள என்95 வாங்கி, மூக்குக் கம்பியை இரு கை விரல்களாலும் அழுத்திப் படியவைத்து, பலமாக ஊதிப் பாருங்கள். கண்ணருகே காற்று பட்டால் சரியாகப் பொருந்தவில்லை என்று அர்த்தம். தாடி இருந்தால் பொருந்தவே பொருந்தாது.

அறையில் மற்றவர்கள் விட்ட மூச்சுக்காற்று எவ்வளவு தேங்கியிருக்கிறது என்று அறிய கார்பன் டை ஆக்சைடு மீட்டர் வாங்குவதானால், என்டிஐஆர் (அகச்சிவப்பு ஒளியால் வாயுவை அளக்கும்) சென்சார் உள்ளதா என்று பாருங்கள். வெளிக்காற்றில் 420 பிபிஎம் அளவில் காட்டும். அறையில் 800-ஐத் தாண்டினால் ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் டோக்கன் வரும்வரை வெளியே உட்காருங்கள். ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் ஓடும் அறையில் மட்டும் இந்த எண்ணை வைத்து முடிவு செய்ய வேண்டாம். அது கிருமித் துகளைப் பிடிக்கும், வாயுவைக் குறைக்காது.